சுவிஸிலிருந்து வந்த பெயர்

“உங்கட பிள்ளைக்கு நீங்கள் என்ன பேரெண்டாலும் வையுங்கோ லவினா. நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. கூப்பிடேக்கை மட்டும் கதவைச் சாத்திப்போட்டுக் கூப்பிடுங்கோ. வெளிநாட்டு ஆக்கள் வந்து போற வீடு இது.”

“ஏன் ரதி அக்கா, என்ட புள்ளையிட பேர்ல என்ன பிழை?”

“ட்ரோஃபி எண்டும் ஒரு பேரோ? அவன் நாளைக்கு ஓட்டப்போட்டியிலை கடைசியா வந்தால் என்ன செய்வியள்?”

“வந்தா வந்துட்டுப் போறான். ஒங்கட மகளுக்கு ஸென்டா எண்டு வச்சீங்களே, நான் ஏதும் கேட்டேனா?”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பன். அது ஐரோப்பாவிலை அரச குடும்பத்துப் பேர்.”

வெள்ளவத்தையில் கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் நிற்கும் ஏழுமாடிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அயல்வீட்டுக்காரர் இருவருக்கிடையில் இந்தச் சண்டை நடந்தது. லிஃப்ட்டின் கதவு திறந்தபடியே நின்றது. ஐந்தாம் மாடி இஸ்ஸதீன் உள்ளே நின்று பொத்தானை அமத்திப் பிடித்திருந்தார். அவர் தொடர்மாடிச் சங்கத் தலைவர். கட்டடத்தில் ஒரு சச்சரவு நடக்கும்போது கதவை மூடவிட்டு மேலே போவது தலைவருக்கு அழகில்லை என்பது அவருடைய எண்ணம். முதலாம் மாடிக்குக் கதை போய்ச் சேர்ந்ததும் அவர் வழியாகத்தான்.

லவினாவின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவளுடைய கணவன் கிளெமென்ற் துறைமுகத்தில் எழுதுவினைஞன். கந்தோர்களுக்கிடையிலான கரம் பலகைப் போட்டியில் பதினொரு வருடம் தோற்று, பன்னிரண்டாம் வருடம் வென்ற நாளில் அவர்களுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. கிண்ணத்தைக் கையில் பிடித்தபடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினான் என்று சொல்வார்கள். அர்ச்சிஷ்டவர் ஒருவரின் பெயரும் சேர்ந்தால்தான் ஞானஸ்நானம் என்று பாதிரியார் சொன்னதால், பையன் அந்தோனி ட்ரோஃபி ஆனான். கேட்பவர்கள் ஒருமுறை சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். ரதி மட்டும் மறக்கவில்லை.

ரதிக்குப் பெயர்களில் ஒரு கண். யாருக்காவது பிள்ளை பிறந்தால், பிள்ளையின் நிறத்தைக் கேட்பதற்கு முதல் பெயரைக் கேட்பாள். இரண்டாம் மாடியில் எண்சாத்திரக்காரர் சொன்னபடி மூன்று மூச்சில் சொல்லவேண்டிய ஒரு பெயரை வைத்தபோது, “கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ளை பிள்ளை ரோட்டைக் கடந்திடும்” என்றாள். அதைச் சொல்லிச் சொல்லிக் கட்டடமே சிரித்தது. தன் மகளின் பெயரைப் பற்றிக் கதை வந்தால் மட்டும் குரலைச் சற்றுத் தாழ்த்துவாள். “இவரின்ர தமையன் சுவிஸிலை இருந்து அனுப்பின பேர். அங்கை பெரிய இடத்திலைதான் வைப்பினமாம்.” அரச குடும்பம் என்பது அதற்குப் பிறகு, அவளறியாமலே கூடிக்கொண்ட விவரம்.

உண்மையில் அந்தப் பெயரைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. அவளுடைய கணவன் கஜேந்திரனின் தமையன் யோகேந்திரன் முப்பது வருடமாக சுவிஸில் இருக்கிறார், கலியாணம் கட்டவில்லை. ஸென்டா பிறந்தது கொரோனா வருடம் கார்த்திகை மாதம். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அவர் போன் எடுத்து, “ரதி, நீங்கள் ஓமெண்டால் ஒரு பேர் சொல்லுவன். என்ர மனசுக்குக் கிட்டின பேர்” என்றார். வெளிநாட்டு அத்தான் வாய்விட்டுக் கேட்ட முதல் விஷயம் அது. அர்த்தம் என்னவென்று கேட்டால் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடுவாரோ என்று ரதி பயந்தாள். கஜேந்திரனையும் கேட்கவிடவில்லை. கேட்காமலே பதிந்தார்கள்.

சண்டை நடந்தது புதன்கிழமை. வெள்ளிக்கிழமை யோகேந்திரன் வந்து இறங்கினார். நாலு வருடத்துக்குப் பிறகு தான் பெயர் சொன்ன பிள்ளையைப் பார்க்க வந்த முதல் பயணம். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நாலாவது பிறந்தநாள், மொட்டைமாடியில். லவினாவை அழைப்பதில்லை என்றுதான் ரதி தீர்மானித்திருந்தாள். ஆனால் கதிரைகளை இரவல் தருவது கிளெமென்ற், கஜேந்திரன் அவனுக்கு முன்னமே சொல்லிவிட்டான். கதிரைகளை எடுத்துக்கொண்டு ஆட்களை வேண்டாமென்று சொல்ல முடியாதே. பிறகு யோசித்துப் பார்த்தபோது, லவினா வருவதும் நல்லதுதான் என்று ரதிக்குப் பட்டது. வந்து காதால் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அத்தானைப் பேசச் சொன்னதும் அவள்தான். வேறு ஒருவரும் கேட்கவில்லை. கேக்குக்கு முன்னால் எல்லாரையும் கூட்டி நிறுத்தி, லவினா முன்வரிசையில் நிற்கிறாளா என்று பார்த்துக்கொண்டு, “அத்தான், எல்லாரும் கேக்கினம். இவவின்ர பேரின்ர கதையை நீங்களே சொல்லுங்கோவன்” என்றாள்.

யோகேந்திரன் அதிகம் பேசாத மனிதர். உயரமாக, நரைத்து, பிள்ளையை ஒரு கையில் தூக்கிவைத்தபடி நின்றார். இதைத்தான் எதிர்பார்த்து வந்தவர்போல பையிலிருந்து ஒரு படச்சட்டத்தை எடுத்தார். வெயிலுக்குக் கண்ணாடி பளிச்சிட்டது. கிட்ட நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கபில நிறத்தில் ஒரு பெரிய நாய், நாக்கை வெளியே போட்டுக்கொண்டு, பனியில் உட்கார்ந்திருந்தது.

“இதுதான் ஸென்டா,” என்றார். “பதினாலு வருஷம் என்னோடை இருந்தவ. நான் நைற் வேலை முடிஞ்சு வாறவரைக்கும் வாசலிலை படுத்திருப்பா. எனக்கு அங்கை வேறை ஒருத்தருமில்லை. அவ போய் ஒரு மாசத்திலை இந்தப் பிள்ளை பிறந்தது. அந்தப் பேர் வீட்டிலை கேக்காமல் போகக்கூடாதெண்டு நினைச்சன்.”

பிள்ளையை இறக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இஸ்ஸதீன் கடித்த பெற்றிஸை மெல்லாமல் நின்றார். கீழே கடற்கரை ரயில் ஒன்று போனது.

ரயில் போன பிறகு லவினா மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: “அரச குடும்பத்து நாயா அண்ணை?”

“இல்லை பிள்ளை,” என்றார் யோகேந்திரன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ஒரு பண்ணையிலை சும்மா தந்தவங்கள்.”

ரதிக்குக் காதுமடல் இரண்டும் சுட்டன. கேக் கத்தியில் கட்டிய ரிப்பனைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள். நிமிரவேண்டியிருந்தது, ஏனென்றால் பாட்டுப் பாட வேண்டும். எல்லாரும் நன்றாகத்தான் தொடங்கினார்கள். பிள்ளையின் பெயர் வரும் இடம் வந்ததும் பாதிப் பேர் இருமினார்கள், மற்றவர்கள் கடலைப் பார்த்தார்கள். அந்த இடத்தை யோகேந்திரனும் ட்ரோஃபியும் மட்டும் முழுக் குரலில் பாடினார்கள்.

அடுத்தநாளிலிருந்து ரதி லிஃப்ட்டில் ஏறவில்லை. மூன்று மாடியையும் படியால் இறங்கினாள். மொன்ரிசோரி வாசலில் மற்றத் தாய்மார் இருந்த இடத்துக்குப் போகாமல் தெருவின் மறுபக்கம் நின்று, மகளுக்குக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவளுடைய வாய்க்கு அந்தப் பெயர் வர மறுத்தது. வீட்டுக்குள்ளேயும் “பிள்ளை, பிள்ளை” என்றுதான் கூப்பிட்டாள்.

கட்டடம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. சுவிஸ்காரன் ஒன்றுமறியாத சனத்தை ஏமாற்றி, நாயின் பெயரைக் குழந்தைக்குக் கட்டிவிட்டான். முதலாம் மாடியிலிருந்து ஏழாம் மாடிவரை இதுதான் பேச்சு. யோகேந்திரன் பாண் வாங்கப் போகும்போது ஒருவரும் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. ரதி அதைக் கண்டாள். தங்கள்மேல் பரிதாபப்படுகிறார்களே என்பது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அந்த ஆறுதல் செவ்வாய்க்கிழமை காலைவரைதான் நிலைத்தது. யோகேந்திரன் சாப்பாட்டு மேசையில் இருந்து போனைத் தடவிக்கொண்டிருந்தவர், “ரதி, இதை ஒருக்காப் பாருங்கோ. இப்பவும் நான் அடிக்கடி எடுத்துப் பாக்கிறனான்” என்று நீட்டினார்.

குடும்பத்தின் வட்ஸ்அப் குழு. நாலு வருடத்துக்கு முந்திய ஐப்பசி மாதம். ‘பதினான்கு வருடம் என்னுடன் வாழ்ந்த ஸென்டா இன்று அதிகாலை என் மடியில் கண்ணை மூடினா’ என்று அவர் எழுதி, ஒரு படமும் போட்டிருந்தார். அதன் கீழே, இரண்டு நிமிடம் கழித்து, ரதியின் பெயரில்: ‘தாயாய், தோழியாய் வாழ்ந்த அன்னாரின் பிரிவு ஈடுசெய்ய முடியாதது. அன்னாரின் ஆத்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கின்றோம். ஓம் சாந்தி.’ கூப்பிய கைகள் ஆறு.

அந்த வருடம் குழுவில் நாளுக்கொரு சாவு. லண்டனில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர், ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி ஒருவர். ரதிக்கு அப்போது எட்டு மாதம். கிழவிகளுக்கு ஒன்று, கிழவர்களுக்கு ஒன்று என்று இரண்டு வாசகம் எழுதிவைத்திருந்தாள். சாவு வந்தால் எடுத்து ஒட்டுவாள். டேற்றா போய்விடும் என்று படங்களை இறக்குவதில்லை. யாரோ சுவிஸ்கார அம்மா, அத்தானுக்குச் சமைத்துப் போட்டவளாக்கும் என்று நினைத்து ஒட்டியிருக்கிறாள். மறுநாள் வேறொரு சாவு. ஸென்டா என்ற பெயர் அவள் தலையில் ஒரு நிமிடம்கூடத் தங்கவில்லை.

“இவ்வளவு சொந்தத்துக்கை நீங்கள் ஒராள்தான் நாயெண்டு பாராமல் எழுதினீங்கள்,” என்றார் யோகேந்திரன். “மற்றவை ஒரு சொல்லும் எழுதேல்லை. அதைப் பாத்துத்தான், பிள்ளை பிறந்தவுடனை உங்களிட்டைக் கேக்கத் துணிஞ்சனான். வேறை ஆரிட்டையும் கேட்டிருக்கமாட்டன்.”

ரதி தேத்தண்ணி அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிக் குசினிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. லண்டன் மச்சாள்மார் இந்த நாலு வருடமும் பிள்ளையின் படத்தைக் கண்டால் ஏன் ஒரு சிரிப்பு முகத்தை மட்டும் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அங்கே, கழுவாத பாத்திரங்களுக்கு முன்னால் நின்றபோது, அவளுக்கு வெளிச்சமானது.

கஜேந்திரனிடம் அன்று பின்னேரம் ஒன்றைத்தான் சொன்னாள். பேரை மாற்ற வேண்டும். ஆறேழு மாதத்தில் பள்ளிக்கூட விண்ணப்பம் போட வேண்டும், பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இந்தப் பேரோடு பிள்ளையை அனுப்ப அவளால் முடியாது. பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரை வரவு இடாப்பில் வாசிப்பார்கள், இந்த ஒழுங்கைப் பிள்ளைகளே பக்கத்து வாங்கில் இருப்பார்கள்.

“அண்ணை போனாப் பிறகு மாத்துவம்,” என்றான் கஜேந்திரன். “சொல்லத் தேவையில்லை. அங்கை ஸென்டா எண்டு கூப்பிடட்டும், இஞ்சை வேறை பேர் இருக்கட்டும்.” குடும்பக் குழுவை வருடக்கணக்காகத் திறந்தே பார்க்காத மனிதன் அவன். எந்தச் சிக்கலையும் திறந்து பாராமல் விட்டால் அது தீர்ந்துவிடும் என்பது அவனுடைய அனுபவம்.

ரதி அதுவரை பொறுக்கவில்லை, மறுநாளே பதிவாளர் கந்தோருக்குப் போனாள். அங்கே சத்தியக்கடதாசி கேட்டார்கள். சமாதான நீதவான் ஒருவருக்கு முன்னால் ஒப்பமிட வேண்டும். அந்த ஒழுங்கையில் சமாதான நீதவான் என்று பலகை போட்டிருப்பது ஒரேயொருவர்தான், ஐந்தாம் மாடி இஸ்ஸதீன். வேறு ஒழுங்கையில் ஆள் தேடலாமா என்று ரதி ஓர் இரவு முழுக்க யோசித்தாள். தேடினால், ஏன் நம்மிடம் வரவில்லை என்று அவர் விசாரிப்பார், அது இதைவிட மோசம். வியாழக்கிழமை காலை படியேறிப் போனாள்.

இஸ்ஸதீன் முத்திரையையும் மைப்பெட்டியையும் மேசையில் பரப்பிவிட்டுக் கேட்டார். “புதுப் பேரு என்ன தங்கச்சி?”

“ஆரணி.”

“நல்ல பேரு. காரணம் என்ன போடுற?”

“எண்சாத்திரம் சரியில்லையெண்டு போடுங்கோ இஸ்ஸதீன் நானா.”

இஸ்ஸதீன் பேனையைக் கீழே வைத்தார். “இது சத்தியக் கடதாசி தங்கச்சி. அண்டைக்கி நானும் அங்க ஈந்த தானே. பெற்றிஸும் திண்ட.”

ரதி மேசையிலிருந்த முத்திரையை நேராக்கி வைத்தாள்.

“உள்ளத உள்ளபடி எழுதினா ஒருத்தரும் குத்தம் சொல்ல ஏலா,” என்று அவரே உதவிக்கு வந்தார். மெதுவாக, சொல்லுக்குச் சொல் வாசித்துக்கொண்டே எழுதினார். “கணவரின் சகோதரர்... தமது நாயின் பெயரை... எமக்கு அறிவிக்காமல்... எம்மை ஏமாற்றி... பிள்ளைக்கு இடச்செய்தார். சரிதானே? அந்த மனிசனுக்கு இது காணா, நான் இன்னும் ரெண்டு வசனம் போடுவன்.”

ஒப்பம் வைக்கவேண்டிய இடத்தைக் காட்டினார். ரதி பேனையை வாங்கினாள். கட்டடம் முழுக்க நம்பியிருந்த கதை அது. ஒப்பம் வைத்தால் முத்திரையோடு உண்மையாகிவிடும். கீழே மூன்றாம் மாடியில் அந்த மனிதர் அவளுடைய ஆறு கூப்பிய கைகளைப் போனில் வைத்துக்கொண்டு இருக்கிறார்.

“ஏமாத்தேல்லை நானா,” என்றாள். “அதை வெட்டுங்கோ.”

“பொறவு?”

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. நாய் செத்த செய்தியையும், பாராமல் ஒட்டிய வாசகத்தையும், அதை நம்பி அவர் பெயர் கேட்டதையும், அர்த்தம் தெரியாமலே அரச குடும்பம் என்று தான் ஊரெல்லாம் அளந்ததையும் சொன்னாள். தலையை நிமிர்த்தாமல் மைப்பெட்டியைப் பார்த்தே சொன்னாள். இஸ்ஸதீன் புதுத்தாள் எடுத்தார். ‘பெயரின் பின்னணியை நான் விசாரிக்கத் தவறியமையால்’ என்று எழுதி, ரதி ஒப்பமிட, முத்திரை குத்தினார். அவருடைய முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. ஆனால் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “எனக்கும் கீழ ஒரு வேல ஈக்கி” என்று செருப்பைத் தேடினார்.

ரதிக்கு அது போதும். அவர் லிஃப்ட்டில் இறங்கி முதல் ஆளைச் சந்திப்பதற்குள் அவள் வீட்டில் நிற்க வேண்டும். இரண்டு மாடியையும் படியால் ஓடி இறங்கினாள்.

யோகேந்திரன் விறாந்தையில் இருந்து பிள்ளைக்கு அப்பிள் வெட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தான், அந்த மெசேஜ்... நான் படத்தைப் பாக்கேல்லை. ஆரோ வயசுபோன அம்மா எண்டு நினைச்சுத்தான் போட்டனான். எல்லாருக்கும் அதைத்தான் போடுறனான்.”

அவர் அப்பிளை வெட்டி முடித்தார். ஒரு துண்டைப் பிள்ளையின் கையில் வைத்தார்.

“அப்ப ஒருத்தரும் பாக்கேல்லையோ?”

“மற்றவை பாத்தவை,” என்றாள் ரதி. “அதாலைதான் ஒண்டும் எழுதேல்லை.”

சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை என்று பட்டது. அவர் தலையை இரண்டுமுறை ஆட்டினார். அவளுடைய கையிலிருந்த கடதாசியைக் கண்டு, “பேர் மாத்தப் போறியளோ” என்றார்.

“ஓம்.”

“என்ன பேர்?”

“ஆரணி.”

“நல்ல பேர்,” என்றார், இஸ்ஸதீன் சொன்னதுபோலவே. பிறகு கத்தியைக் கழுவப் போனார். சுவரில் மாட்டுவதற்காக வரவேற்பறையில் சாத்தி வைத்திருந்த படச்சட்டம் அன்று பின்னேரம் அவருடைய பெட்டிக்குள் திரும்பிப் போயிருந்தது. அடுத்தநாள் விடிய ரதி போனைப் பார்த்தபோது, குடும்பக் குழுவில் ஒரு சின்ன வரி கிடந்தது, யோகேந்திரன் வெளியேறிவிட்டார் என்று. லண்டனிலிருந்து ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அவர் பயணத்தை முந்தவில்லை. குறித்த நாள்வரை இருந்து, பாண் வாங்கி, பிள்ளையை மொன்ரிசோரிக்குக் கூட்டிப் போய்விட்டுத்தான் வெளிக்கிட்டார். உண்மை தெரிந்ததால் ஒழுங்கைச் சனம் இப்போது அவரோடு நின்று கதைத்தது, ரதியைக் கண்டால் தொண்டையைச் செருமியது. வான் வந்து நின்றபோது அவர் பிள்ளையைத் தூக்கி, கவனமாக, “ஆரணி, போட்டு வாறன்” என்றார். பிள்ளை யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

ஒரு வருடம் கழித்து கஜேந்திரனின் போனுக்கு ஒரு படம் வந்தது. பனியில் ஒரு குட்டிநாய். ரதி அதை இறக்கி, விரலால் பெருப்பித்து, மூலைமூலையாகப் பார்த்தாள். நாய்க்கு என்ன பெயர் என்று கேட்க இருவருக்கும் துணிவு வரவில்லை. ‘வடிவாயிருக்கு’ என்று கஜேந்திரன் பெயரில் அவளே எழுதினாள். எழுதுவதற்கு அரைமணித்தியாலம் எடுத்தது.

ஆரணி என்று இடாப்பில் இருந்தாலும் கட்டடத்தில் ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. பிள்ளையும் ஆரணிக்குத் திரும்புவதில்லை. அதனால்தான் அடுத்த தை மாதம் வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டு தெகிவளைப் பக்கம் போனார்கள் என்பது லவினாவின் கணக்கு. லவினாவும் அதிக நாள் இருக்கவில்லை, கிளெமென்ற்றுக்குத் துறைமுகம் கிட்ட என்று கொட்டாஞ்சேனைக்கு மாறிவிட்டார்கள். இஸ்ஸதீனின் மகள் பஸ்லா மாளிகாவத்தைப் பையன் ஷிராஸைக் கலியாணம் முடித்துக் கட்டாருக்குப் போனாள். அவளுக்கு இப்போது ஏழு மாதம். பிள்ளைக்குப் பெயர் இன்னும் தீர்மானிக்கவில்லையாம்.